செந்தோசாவுக்கு அம்மா அப்பாவோடு: சக்கர நாற்காலி, மொபிலிட்டி ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும் வழி

ஊரிலிருந்து அம்மா அப்பா சிங்கப்பூர் வருகிறார்கள் என்றதும் பட்டியலில் முதலில் ஏறுவது செந்தோசாத் தீவும் அங்குள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவும்தான். டிக்கெட் எடுத்துவிடுவோம், மதியச் சாப்பாட்டுக்கு இடம் பார்த்து வைப்போம், பேரப்பிள்ளையின் உயரம் எந்த ரைடுக்கு எட்டும் என்றுகூட அளந்து வைப்போம். 65 வயது முழங்கால் காலை பத்திலிருந்து மாலை ஏழு வரை தாங்குமா என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, "நீங்க எல்லாம் போயிட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்பார். அதோடு அவருக்கு அந்த நாள் முடிந்துவிடும்.

சக்கர நாற்காலி நடக்கவே முடியாதவருக்கு மட்டும் உரியதென்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. வீட்டுக்குள்ளும் கோயிலுக்கும் சந்தைக்கும் நன்றாக நடப்பவர்களில் பலரால் ஒரு முழு நாள் கேளிக்கைப் பூங்காவில் நடக்க முடியாது. அதைவிட முக்கியமாக, வரிசையில் நிற்க முடியாது. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. இங்கு குடியேறிச் சில மாதங்களே ஆனவர்களுக்கும், விடுமுறைக்கு வருபவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் வீட்டில் பேசுங்கள்

சாதனத்தைத் தேடுவதற்கு முன் அதில் உட்காரப் போகிறவரிடம் பேச வேண்டும். பூங்கா வாசலில் நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்தினால் "நான் என்ன நோயாளியா?" என்ற கேள்வி கட்டாயம் வரும், பேரப்பிள்ளைகள் முன்னால் அது சண்டையாகவும் மாறும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே, சாவகாசமாக இருக்கும் நேரத்தில் சொல்லுங்கள்: "அங்கே வரிசை நீளம்மா. நிற்கிற நேரத்தில் உட்கார ஒரு நாற்காலி கூடவே வரும். நடக்கத் தோன்றினால் நடங்கள், பையை அதில் வைத்துக்கொள்வோம்." அப்பாக்களுக்கு வேறொரு வழி உண்டு. முதல் ஒரு மணி நேரம் அவரே அந்த நாற்காலியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்கட்டும். கைக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். களைத்ததும் யாரும் சொல்லாமலே உட்காருவார்.

எவ்வளவு நடக்க முடியும் என்று கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். வேறு விதமாகக் கேளுங்கள். கடைக்குப் போனால் எவ்வளவு நேரத்தில் உட்கார இடம் தேடுகிறார்? படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறாரா? மாலையில் கால் வீங்குகிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் நாற்காலி எடுத்துவிடுங்கள். அண்மையில் இடுப்பு, முழங்கால், இதய அறுவை சிகிச்சை ஆனவர் என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டே பயணத்தைத் திட்டமிடுங்கள்.

எந்த வகை?

வாடகைக்குக் கிடைப்பவை நான்கு வகை. எதை எடுப்பது என்பதைப் பூங்கா தீர்மானிப்பதில்லை. யார் தள்ளப் போகிறார், எதில் பயணம் செய்யப் போகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகள்தான் தீர்மானிக்கும்.

முதலாவது, நான்கு சின்னச் சக்கரங்கள் உள்ள இலகுவான தள்ளு நாற்காலி. சுமார் 10 கிலோ எடை. மடக்கி எந்த டாக்சியின் பின்பெட்டியிலும் வைத்துவிடலாம். உட்கார்ந்திருப்பவரால் தானே நகர முடியாது, வேறொருவர் தள்ள வேண்டும். மேடு பள்ளத்திலும் சாக்கடை மூடியின் கம்பிகளிலும் அதன் சிறு சக்கரம் தட்டி நிற்கும். டாக்சியில் போய், வழவழப்பான தரையில் சுற்றிவிட்டு, டாக்சியில் திரும்புவோருக்கு இதுவே நல்லது.

இரண்டாவது, பின்னால் பெரிய சக்கரம் உள்ள வழக்கமான சக்கர நாற்காலி. எடை கொஞ்சம் கூடுதல், ஆனால் நாள் முழுதும் தள்ளுபவரின் தோளுக்கு இதுதான் இதம். உட்கார்ந்திருப்பவர் சக்கரத்தின் வளையத்தைப் பிடித்துத் தானே சற்று நகர்ந்துகொள்ளவும் முடியும். முழுநாள் பூங்காவுக்கு, தள்ள வலுவுள்ள ஒருவர் இருந்தால், நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

மூன்றாவது, கைத்தாங்கியில் ஜாய்ஸ்டிக் உள்ள மின் சக்கர நாற்காலி. தள்ள ஆளில்லாத குடும்பத்துக்கும், ஒரே நேரத்தில் குழந்தை வண்டியையும் தள்ள வேண்டியவர்களுக்கும் இது பெரிய நிம்மதி. மடக்கும் வகையும் உண்டு. ஆனால் 20 கிலோவுக்கு மேல் இருக்கும், டாக்சியில் தூக்கி வைக்க ஆள் வேண்டும்.

நான்காவது மொபிலிட்டி ஸ்கூட்டர். இருக்கையும், முன்னால் கைப்பிடித் தண்டும், மூன்று அல்லது நான்கு சக்கரமும் உள்ள வண்டி. மூன்று சக்கரம் குறுகிய இடத்தில் எளிதாகத் திரும்பும். நான்கு சக்கரம் சாயாமல் நிற்கும். முதன்முறை ஓட்டும் பெரியவருக்கு நான்கு சக்கரமே பாதுகாப்பு. ஸ்கூட்டர் ஓட்ட நல்ல பார்வை வேண்டும், இரண்டு கையிலும் பிடி வேண்டும், கூட்டத்தில் சட்டென முடிவெடுக்கும் தெளிவு வேண்டும். மறதி நோய் தொடங்கியவருக்கும், தலைசுற்றல் உள்ளவருக்கும், தூக்கம் வரவழைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கும் இது வேண்டவே வேண்டாம். ஊரில் டிவிஎஸ் ஓட்டிய அப்பாவுக்கு இதுவும் கைவந்துவிடும் என்று நினைக்காதீர்கள். கூட்ட நெரிசலில், குழந்தைகளின் கால்களுக்கு நடுவே, நடை வேகத்தில் நகர்த்துவது வேறு பழக்கம்.

அளவையும் சொல்ல வேண்டும். இருக்கை அகலம் பெரும்பாலும் 16, 18, 20 அங்குலம் என்று வரும். அம்மாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து இடுப்பின் அகலத்தை அளந்து, இரண்டு அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். நாற்காலி தாங்கும் எடையையும் கேளுங்கள். சாதாரண வகைகளில் பலவும் 100 கிலோவை ஒட்டியே நிற்கும்.

புடவை உடுத்துபவர் என்றால் பக்கவாட்டில் தடுப்புத் தகடு உள்ள நாற்காலியாகக் கேட்டு வாங்குங்கள். முந்தானையும் துப்பட்டாவும் வேட்டி நுனியும் சக்கரக் கம்பிகளில் சிக்குவது அடிக்கடி நடப்பது. அன்றைக்கு முந்தானையை இடுப்பில் செருகி ஊக்குப் போட்டுவிடுங்கள்.

இன்னும் மூன்றைக் கடையில் கேளுங்கள். தள்ளுபவரின் கைப்பிடியிலேயே பிரேக் இருக்கிறதா? கால்பலகை பக்கவாட்டில் திரும்புமா அல்லது கழன்று வருமா? கைத்தாங்கியைத் தூக்கிவிட முடியுமா? கைப்பிடி பிரேக் இல்லாமல் சரிவில் இறங்குவது தள்ளுபவருக்கும் ஆபத்து. கால்பலகையும் கைத்தாங்கியும் விலகினால்தான் நாற்காலியிலிருந்து ரைடு இருக்கைக்கோ டாக்சி இருக்கைக்கோ அவரை எளிதாக மாற்றி உட்காரவைக்க முடியும்.

எங்கே எடுப்பது?

யூனிவர்சல் ஸ்டூடியோஸிலேயே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறது. சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்திலும் கரையோரப் பூந்தோட்டத்திலும் உண்டு. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு இடம், வாசல் வரை டாக்சி என்றால் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நாற்காலி அந்த இடத்துக்குள் மட்டும்தான். எண்ணிக்கையும் குறைவு, பள்ளி விடுமுறை நாளில் தாமதமாகப் போனால் தீர்ந்திருக்கலாம்.

புதிதாக வருபவர்கள் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. களைப்பு பூங்காவுக்குள் மட்டும் ஏற்படுவதில்லை. எம்ஆர்டி ரயில் மேடையிலிருந்து மின்தூக்கிக்கு, அங்கிருந்து விவோசிட்டி கடைத்தொகுதியைக் கடந்து, தீவுக்குப் போகும் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு, இறங்கி வாசலுக்கு, மாலையில் மறுபடி இத்தனையும். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை நாற்காலி கூடவே இருந்தால்தான் பயன். அதனால் ஒரு நாளுக்கு மேல் சுற்றுவதாக இருந்தால் வெளியே உள்ள வாடகை நிறுவனத்தில் எடுங்கள். ஃபால்கன் மொபிலிட்டி, டிஎன்ஆர் வீல்ஸ் போன்றவை இந்தத் தொழிலில் இருப்பவை. வீட்டுக்கோ ஹோட்டலுக்கோ கொண்டுவந்து கொடுத்துத் திரும்ப எடுத்துச்செல்லும் வசதி உள்ள நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். நாள் வாடகையைப் பயண நாள்களின் எண்ணிக்கையால் பெருக்கி, வார வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பயணம் நான்கைந்து நாள் என்றாலும் வார வாடகை மலிவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: முன்பணம் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்ப வரும், கொண்டுவரும் கட்டணமும் எடுத்துச்செல்லும் கட்டணமும் தனித்தனியா, டயர் பஞ்சரானாலோ வண்டி நின்றுபோனாலோ ஞாயிற்றுக்கிழமை யாரை அழைப்பது, மாற்று வண்டி தருவார்களா, சார்ஜரும் சாவியும் தொலைந்தால் எவ்வளவு. காற்றில்லாத கெட்டி டயர் கிடைத்தால் அதையே எடுங்கள். முன்பணத்துக்குப் பதிலாக மூலக் கடப்பிதழைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஜூன் மாதமும், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரையும் பள்ளி விடுமுறை. அந்தக் காலத்தில் இரண்டு மூன்று வாரம் முன்பே பதிவு செய்யுங்கள். சீனப் புத்தாண்டில் கடைகள் சில நாள் சேர்ந்தாற்போல் மூடியிருக்கும், அப்போது கொண்டுவரவோ எடுத்துச்செல்லவோ ஆள் கிடைப்பது கடினம்.

இங்கேயே குடியிருக்கும் பெரியவருக்கு இது அவ்வப்போது தேவைப்படும் என்றால் வாடகை சரியான வழியாக இருக்காது. 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, தகுதி இருந்தால், நடமாட்டச் சாதனம் வாங்கும் செலவில் 90 விழுக்காடு வரை மானியம் தரும் முதியோர் நடமாட்ட நிதி அரசாங்கத்தில் இருக்கிறது. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடமோ மருத்துவமனைச் சிகிச்சையாளரிடமோ கேளுங்கள்.

ஊரிலிருந்தே கொண்டுவரலாமா?

கையால் தள்ளும் நாற்காலி என்றால் தாராளமாகக் கொண்டுவரலாம், பொதுவாக விமான நிறுவனங்கள் அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. மின் வண்டி என்றால் மின்கலம்தான் சிக்கல். கழற்றக்கூடிய லித்தியம் மின்கலம் ஒன்று என்றால் 300 வாட்-மணிக்குள், இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். கழற்றிய மின்கலம் கையோடு விமான அறைக்குள்தான் வர வேண்டும், விமான நிறுவனத்தின் முன் அனுமதியும் வேண்டும். சில நாள் பயணத்துக்கு இத்தனை பாடு தேவையில்லை, இங்கேயே வாடகைக்கு எடுங்கள்.

விமான நிலையத்துக்குள் தள்ளிச் செல்லும் உதவியை, பயணத்துக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன் விமான நிறுவனத்திடம் பதிவு செய்யுங்கள். அப்போது மூன்று நிலைகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: நெடுந்தூரம் நடக்க முடியாதவர், படி ஏற முடியாதவர், தானாக அசையவே முடியாதவர். பெருமைக்காகக் குறைத்துச் சொன்னால் விமானப் படிக்கட்டின் முன் நின்று திண்டாட நேரும். அந்த நாற்காலி விமான நிலையத்தோடு சரி. வெளியே உங்கள் நாற்காலி வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

சக்கர நாற்காலி, மின் சக்கர நாற்காலி, மொபிலிட்டி ஸ்கூட்டர் மூன்றும் இங்கு நடமாட்ட உதவிச் சாதனங்கள். நடைபாதையிலும் சைக்கிள் பாதையிலும் போகலாம், சாலையில் ஓட்டக்கூடாது. வண்டி 70 செமீ அகலம், 120 செமீ நீளம், 150 செமீ உயரத்துக்குள் இருக்க வேண்டும். ஆளும் பொருளும் சேர்த்து 300 கிலோவைத் தாண்டக்கூடாது. இந்த அளவைத் தாண்டிய ஸ்கூட்டரை ரயிலிலும் பேருந்திலும் ஏற்ற முடியாது. வாடகைக்கு எடுக்கும் முன் இந்த எண்களை நிறுவனத்திடம் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

உடல்நலத்தோடு இருப்பவர்கள் மொபிலிட்டி ஸ்கூட்டரைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 2025-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. ஸ்கூட்டர் ஓட்டுபவர் நடக்கச் சிரமப்படுபவர் என்ற மருத்துவச் சான்று வைத்திருக்க வேண்டும் என்பதும், மணிக்கு 10 கிமீ என்றிருந்த வேக வரம்பு 6 கிமீ ஆகக் குறைவதும் புதிய ஏற்பாட்டின் சாரம். புறப்படும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்தில் நடப்பு விதியைப் பார்த்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர், நடப்பதில் உள்ள சிரமத்தைக் குறிப்பிட்டு ஊர் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி வருவது நல்லது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் கையால் தள்ளும் நாற்காலி எடுங்கள். பேரப்பிள்ளைகள் தாத்தாவின் ஸ்கூட்டரை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது விளையாட்டல்ல, கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள்.

வண்டி வந்ததும் ஒத்திகை

பயணத்துக்கு முந்தைய நாளே வண்டி வீட்டுக்கு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கொண்டுவந்தவர் முன்னாலேயே நான்கு பக்கமும் படம் எடுங்கள். ஏற்கெனவே உள்ள கீறல், கிழிசல் எல்லாம் படத்தில் இருக்கட்டும். இரண்டு பிரேக்கையும் போட்டுவிட்டுத் தள்ளிப் பாருங்கள், சக்கரம் அசையக்கூடாது. மடக்குவதையும் விரிப்பதையும் அவர் செய்து காட்டுவதோடு விடாமல் நீங்களே இரண்டு முறை செய்யுங்கள். டாக்சி காத்திருக்கும்போது அந்தப் பழக்கம் உதவும்.

கால்பலகையின் உயரத்தைச் சரிசெய்யாமல் விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் குறை. தொடை இருக்கையில் முழுதாகப் படிய வேண்டும். பலகை தாழ்ந்திருந்தால் கால் தொங்கி மரத்துப்போகும். உயர்ந்திருந்தால் முழங்கால் மேலெழும்பி இடுப்பு வலிக்கும். சர்க்கரை நோய் உள்ளவரின் பாதம் பலகை விளிம்பில் உரசினால் அவருக்கே தெரியாமல் புண்ணாகிவிடும். அவருக்குச் செருப்பு வேண்டாம், மூடிய காலணிதான்.

புளோக்கின், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தின், திறந்த கீழ்த்தளம் ஒத்திகைக்கு அருமையான இடம். நிழல் உண்டு, சமதரை உண்டு, ஓரத்தில் சரிவுப்பாதையும் உண்டு. அங்கே பழக வேண்டியவை:

சரிவில் ஏறும்போது முன்னோக்கித் தள்ளுங்கள். செங்குத்தான சரிவில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, நீங்கள் அதன் கீழ்ப்பக்கம் நின்று பின்னோக்கி நடந்து இறங்குங்கள். மின்தூக்கியில் இடமிருந்தால் பின்பக்கமாக நுழையுங்கள், வெளியே வரும்போது முகம் முன்னால் இருக்கும். சாக்கடைக் கம்பிகளைக் கடக்கும்போது நாற்காலியைச் சற்றுப் பின்னால் சாய்த்து முன் சக்கரத்தைத் தூக்கிக்கொள்ளுங்கள். நாற்காலியோடு மின்படியில் ஏறவே கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம்: எழும் முன் இரண்டு பிரேக்கும் போட வேண்டும், கால்பலகையை விலக்க வேண்டும். பலகை மேல் கால்வைத்து எழுந்தால் நாற்காலி முன்பக்கம் கவிழும். விபத்து ஓடும்போது மட்டும் நடப்பதில்லை, உட்காரும்போதும் எழும்போதும் நடக்கும். அம்மாவையும் கூடவே சொல்லவையுங்கள்: "பிரேக், பலகை, பிறகு கால்."

ஸ்கூட்டரில் ஆமைப் படமும் முயல் படமும் போட்ட வேகத் திருகு இருக்கும். பூங்கா முழுதும் ஆமைப் பக்கமே நிற்கட்டும். விசையை விட்டதும் வண்டி தானே நின்றுவிடும். பதற்றத்தில் விசையை இறுக்கிப் பிடிப்பதுதான் புதியவர் செய்வது. "பயந்தால் கையை விடுங்கள்" என்று பத்து முறை பழக்குங்கள். பின்னால், மோட்டாரைச் சக்கரத்திலிருந்து விடுவிக்கும் நெம்புகோல் ஒன்று இருக்கும். மின்கலம் தீர்ந்தால் அதைத் திருப்பித் தள்ளிச் செல்லலாம். ஆனால் அந்த நிலையில் மின் பிரேக் வேலை செய்யாது, சரிவில் அதைத் தொடாதீர்கள்.

மின்கலத்தைக் கண்ணெதிரில் இருக்கும்போது சார்ஜ் செய்யுங்கள்; இரவெல்லாம் செருகிவிட்டுத் தூங்க வேண்டாம். வீட்டு வாசலையும் பொது நடைவழியையும் மறைத்து வண்டியை நிறுத்தாதீர்கள், தீ விபத்தில் அதுதான் வெளியேறும் வழி. இங்கு மின்செருகி மூன்று செவ்வக முனை கொண்டது. ஊர்ச் செருகிகளுக்கு மாற்றி வேண்டும்.

போகும் வழி

லிட்டில் இந்தியா பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு நல்வாய்ப்பு: வடகிழக்கு ரயில் பாதையில் ஏறினால் வழியில் மாறாமல் நேரே ஹார்பர்ஃபிரண்டில் இறங்கலாம். நிலையத்தில் அகலமான நுழைவுக் கதவு உண்டு. மின்தூக்கியின் இடத்தை அறிவிப்புப் பலகைகள் காட்டும். சக்கர நாற்காலிக்கான இடம் ரயிலில் எங்கே என்று மேடைக் கதவுகளில் அடையாளம் இருக்கும். ரயிலுக்கும் மேடைக்கும் இடையிலுள்ள இடைவெளி சிறிதுதான், என்றாலும் முன் சக்கரம் குறுக்காகத் திரும்பினால் சிக்கும். நேராக நுழையுங்கள், அல்லது திரும்பிப் பெரிய சக்கரத்தை முதலில் ஏற்றுங்கள். வார நாளில் காலை ஒன்பதரை வரை கூட்டம் அதிகம், அதன்பின் கிளம்புங்கள்.

ஹார்பர்ஃபிரண்டிலிருந்து மின்தூக்கியில் விவோசிட்டிக்கு ஏறி, மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் பிடியுங்கள். தீவுக்குள் போகக் கட்டணம் 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), தீவுக்குள்ளும் திரும்பி வரவும் இலவசம். ரிசார்ட்ஸ் வோர்ல்ட் நிலையத்தில் இறங்கினால் பூங்கா பக்கம். விவோசிட்டியின் கடலோரத்திலிருந்து கூரையிட்ட நடைபாலமும் உண்டு. காற்றோட்டமாக, கப்பல்களைப் பார்த்தபடி தள்ளிக்கொண்டு போகலாம், காலையில் அது நல்ல வழி. மாலையில் எல்லோரும் களைத்திருப்பார்கள், ரயிலே போதும்.

பொதுப் பேருந்துகள் எல்லாமே சக்கர நாற்காலி ஏறக்கூடியவை. நிறுத்தத்தில் ஓட்டுநர் கண்ணில் படும்படி நில்லுங்கள். அவர் இறங்கிவந்து நடுக்கதவில் சரிவுப் பலகையை விரிப்பார். உள்ளே, முதுகுத் தாங்கியில் நாற்காலியின் பின்புறம் ஒட்டும்படி நிறுத்தி பிரேக் போடுங்கள். இறங்குவதற்கு அங்கேயே உள்ள நீலப் பொத்தானை அழுத்துங்கள். நாற்காலிக்கான இடத்தில் வேறொருவர் ஏற்கெனவே இருந்தால் அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும்.

டாக்சி பதிவு செய்யும்போதே மடக்கு நாற்காலி இருப்பதை ஓட்டுநருக்குச் செய்தியாக அனுப்பிவிடுங்கள். பெரிய குடும்பத்துக்கும் மின் வண்டிக்கும் மேக்சிகேப் என்னும் பெரிய டாக்சி வசதி. நாற்காலியிலிருந்து இறங்கவே முடியாதவருக்குத் தூக்கி வைக்கும் மேடையுள்ள வேன்களைத் தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன. அவற்றைப் பல நாள் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

யூனிவர்சலுக்குள்

பூங்காவின் பகுதிகள் ஒரு நீர்நிலையைச் சுற்றி வட்டமாக அமைந்திருக்கின்றன. ஹாலிவுட், நியூயார்க், சை-ஃபை சிட்டி, பண்டைய எகிப்து, லாஸ்ட் வோர்ல்ட், ஃபார் ஃபார் அவே, 2025-இல் திறந்த மினியன் லேண்ட் என்று சுற்றி வந்தால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம். பாதைகள் அகலம், பெரும்பாலும் சமம். உள்ளே நுழைந்ததும் விருந்தினர் சேவை மையத்துக்குப் போய் ஒவ்வொரு ரைடுக்கும் உள்ள அணுகல் விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான ரைடுகளில் நாற்காலியிலிருந்து எழுந்து ரைடின் இருக்கைக்கு மாற வேண்டும். தூக்கி மாற்ற வேண்டியிருந்தால் அதை உடன் வந்தவர்தான் செய்ய வேண்டும், ஊழியர்களை எதிர்பார்க்காதீர்கள். எதில் நாற்காலியோடு போக முடியும், எதில் எந்த வாசல் என்பதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

நாற்காலி இருந்தால் வரிசையைத் தாண்டிவிடலாம் என்று எண்ணி வராதீர்கள். விரைவு வரிசைக்குத் தனிக் கட்டண எக்ஸ்பிரஸ் அட்டை உண்டு. நாற்காலியின் பயன் வேறு: மற்றவர்கள் நின்று களைக்கும் நேரத்தில் அப்பா உட்கார்ந்திருப்பார்.

பேட்டில்ஸ்டார் கேலக்டிகா, மம்மி போன்ற வேக ரைடுகளைப் பிள்ளைகளுக்கு விடுங்கள். பெரியவருக்கு வாட்டர்வோர்ல்ட் காட்சி, தெருவில் நடக்கும் ஆட்டம் பாட்டம், செசமி ஸ்ட்ரீட் பாத்திரங்களோடு பேரனும் பேத்தியும் நிற்கும் படம் எல்லாம் இருக்கின்றன. அவருக்கென்று ஒரு நிகழ்ச்சியைக் குறித்து, குடும்பம் முழுதும் அந்த நேரத்துக்கு அங்கே இருங்கள். மற்றவர்களின் பைகளைக் காக்க ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போவதற்கா இத்தனை செலவு?

தள்ளுபவரை மணிக்கொருமுறை மாற்றுங்கள். உட்கார்ந்திருப்பவரையும் மணிக்கொருமுறை எழுந்து சில நிமிடம் நிற்கவோ நடக்கவோ சொல்லுங்கள். முடியாதவர் கைத்தாங்கியை ஊன்றி உடலைச் சற்றுத் தூக்கி வைக்கட்டும். கால் வீக்கமும் பின்புற வலியும் இதனால் குறையும். பலர் கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். இந்த வெயிலில் அது கூடாது. உள்ளே நுழைந்ததும் சக்கர நாற்காலி போகும் கழிவறையை வரைபடத்தில் காட்டிவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடும். வெயிலில் நின்ற நாற்காலி கொதிக்கும், உட்காரும் முன் தொட்டுப் பாருங்கள். ஒரு சின்னத் துண்டு கையில் இருக்கட்டும்.

மழை திடீரென்று வரும், பிற்பகலில் இடியோடு வரும். மின் வண்டியின் கட்டுப்பாட்டுப் பலகை நனையக்கூடாது. அதை மூட ஒரு நெகிழிப் பையும், ஆளுக்கொரு மழை அங்கியும் எடுத்துச் செல்லுங்கள். தள்ளுபவருக்குக் குடை பிடிக்கக் கை இருக்காது.

மின்கலம் இத்தனை கிலோமீட்டர் போகும் என்று கடையில் சொன்னால் அதில் பாதியை மட்டும் நம்புங்கள். சரிவும், நின்று நின்று நகர்வதும், ஆளின் எடையும் அதைக் குறைக்கும். வரிசையில் நிற்கும்போது வண்டியை அணைத்து வையுங்கள். அளவுகாட்டி பாதிக்கு வந்ததும் திரும்பும் வழியைப் பாருங்கள்.

ரைடு வாசலில் ஒரே மாதிரியான நாற்காலிகள் பல நிற்கும். கைப்பிடியில் பளிச்சென்ற ஒரு துணியைக் கட்டி, பிள்ளையின் தொலைபேசி எண்ணையும் எழுதி ஒட்டுங்கள். கனமான பையைப் பின் கைப்பிடியில் மாட்டினால், ஆள் எழுந்ததும் நாற்காலி பின்னால் சாயும். பையை இருக்கைக்கு அடியில் வையுங்கள்.

மற்ற இடங்கள், சுருக்கமாக

2025-இல் திறந்த சிங்கப்பூர் ஓஷனேரியம் யூனிவர்சலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முழுதும் குளிர்சாதனம், பெரியவரோடு போக இதைவிடச் சுகமான இடம் செந்தோசாவில் இல்லை என்பேன். வெயில் தாங்காதவருக்கு யூனிவர்சலை விட்டுவிட்டு இதை மட்டும் பார்த்தாலும் நிறைவான நாள்தான்.

மண்டாயில் விலங்குத் தோட்டம் 26 ஹெக்டர், மேடும் சரிவும் உண்டு. கைப்பிடி பிரேக் இல்லாத நாற்காலியோடு அங்கே போகாதீர்கள். டிராம் இருக்கிறது, பயன்படுத்துங்கள். நைட் சஃபாரியில் நடைபாதைகள் இருட்டு, டிராம் சுற்றே போதும். டிராமில் நாற்காலிக்கு எப்படி இடம் என்று முன்பே கேளுங்கள். கரையோரப் பூந்தோட்டம் பெரும்பாலும் சமதரை, குளிர்ந்த இரண்டு கண்ணாடிக் குடில்களிலும் மின்தூக்கி உண்டு. ஸ்கூட்டருக்கு ஏற்ற இடம் அது.

லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குச் சாமான் வாங்கப் போகாத குடும்பம் உண்டா? அங்கே ஸ்கூட்டர் வேண்டாம். பழைய கடைவீடுகளின் முன்னுள்ள ஐந்தடிப் பாதை என்னும் குறுகிய நடைவழி கடைக்குக் கடை உயரம் மாறும், இடையில் படி வரும், சாமான்கள் வழியை மறைக்கும். முஸ்தஃபா பேரங்காடியின் அலமாரிகளுக்கு நடுவே வார இறுதியில் ஆள் நுழைவதே கடினம். மடக்கு நாற்காலி எடுத்து, வார நாள் காலையில் போய், வாகனம் போகாத கேம்பல் லேன் பக்கம் உட்காரவைத்துக் கடை பாருங்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது

கடைசி நாளில் வண்டியைத் துடைத்து, இருக்கைப் பையில் மாத்திரையோ மூக்குக் கண்ணாடியோ இருக்கிறதா என்று பாருங்கள். மறுபடி நான்கு பக்கமும் படம் எடுங்கள். சார்ஜர், சாவி, கால்பலகை மூன்றையும் எண்ணிக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதாக ஒரு குறுஞ்செய்தி வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பும் விமானம் அன்றே என்றால், வண்டியை எடுக்க வருபவரை, நீங்கள் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே வரச் சொல்லுங்கள். அல்லது கூடுதலாக ஒரு நாள் வாடகை கட்டி, சாங்கி முனையத்தில் விமான நிறுவனத்தின் நாற்காலி வரும்வரை இதை வைத்திருந்து, வழியனுப்ப வந்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கலாம். முழங்கால் வலி உள்ளவருக்கு நான் இரண்டாவதையே சொல்வேன்.